ஒரே மக்கள், இரண்டு நாடுகள்

ஆப்பிரிக்க வரைபடத்தில் மேற்குக் கரையைப் பாருங்கள். செனகல் நாட்டுக்குள்ளே, ஓர் ஆற்றின் இரு கரைகளையும் ஒட்டி, ஒடுங்கி நீண்டு கிடக்கிறது காம்பியா. 1889-இல் பிரிட்டனும் பிரான்சும் பேசி வகுத்த எல்லை அது. அங்கே வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

வோலோஃப், மண்டிங்கா மக்கள் இரு நாட்டினராகப் பிரிந்தார்கள். பள்ளிக்கூடத்தில் காம்பியாப் பிள்ளைகள் ஆங்கிலமும், செனகல் பிள்ளைகள் பிரெஞ்சும் படிக்கிறார்கள். வீட்டில் பேசுவதோ ஒரே தாய்மொழி!

செனகலின் வடக்கிலிருந்து தெற்குப் பகுதிக்குப் போகும் லாரிகள், இடையில் உள்ள ஆற்றைக் கடக்க காம்பியாவின் படகுத்துறையில் நாள்கணக்கில் காத்துக் கிடந்தன. 2019-இல் காம்பியாவின் ஃபராஃபென்னி நகர் அருகே பாலம் திறந்தார்கள். இப்போது சில நிமிடங்களில் ஆற்றைக் கடந்துவிடலாம்.

வரைபடம் பார்க்கும்போது எல்லைக்கோட்டோடு நின்றுவிடாமல், அதன் இருபுறமும் வாழும் மக்களையும் தெரிந்துகொள்வோம்.