தனிமைப்படுத்தல்: ஒரு சொல், இரு பொருள்



ஐசோலேஷன், குவாரண்டைன் ஆகிய இரண்டையும் நாம் ‘தனிமைப்படுத்தல்’ என்றே வழங்கி வருகிறோம். ஆயினும் இவை வேறு வேறு. நோயுற்றவரைப் பிறரிடமிருந்து பிரித்து வைத்தல் ஐசோலேஷன். தொற்றுக்கு ஆளாகியிருக்கக் கூடும் என்ற ஐயத்தால், நலமாய் இருப்பவரைக் குறிப்பிட்ட காலம் ஒதுக்கி வைத்துக் கண்காணித்தல் குவாரண்டைன்.

நமது நியூ ஜெர்சியிலேயே இதற்குச் சான்று உண்டு. சியரா லியோனில் எபோலா நோயாளருக்குப் பணியாற்றிய செவிலியர் கேசி ஹிக்காக்ஸ், 2014 அக்டோபர் 24 அன்று நியூவார்க் விமான நிலையத்தில் நிறுத்தப்பட்டார். சோதனையில் எபோலா இல்லை எனத் தெரிந்த பின்னும் மருத்துவமனைக் கூடாரத்தில் வைக்கப்பட்டு, 27ஆம் தேதி விடுவிக்கப்பட்டார். அவருக்கு அந்நோய் வரவேயில்லை. எபோலா அறிகுறிகள் வெளிப்பட 21 நாள் வரை ஆகலாம். அவை தோன்றும் முன் நோய் பிறருக்குப் பரவுவதில்லை. அவர் தொடுத்த வழக்கு 2017இல் உடன்பாட்டில் முடிந்தது. குவாரண்டைனில் வைக்கப்படுவோர் வழக்கறிஞரை அமர்த்தவும், அந்த ஆணையை எதிர்த்து முறையிடவும் உரிமை உண்டென்பதை மாநிலம் ஏற்றது.

ஆகவே, எவரிடமும் ‘தனிமையில் இருங்கள்’ என்று மட்டும் கூறி நிறுத்தாதீர்கள். நோய் உறுதியா, ஐயம் மட்டுமா, எத்தனை நாள், எந்த அறிகுறி கண்டால் அழைக்க வேண்டும் என்பவற்றைத் தெளிவாக எடுத்துரையுங்கள். நலமாய் இருப்பவர் வீணே அஞ்சுவதும், நோயுற்றவர் அறியாமல் பிறருடன் புழங்குவதும் அதனால் குறையும்.