தலைநகரில் தமிழ்ப் பள்ளிகள்

மொழிபெயர்ப்பு அலுவலில் இருப்பவனுக்குச் சில தொடர்கள் அடிக்கடி எதிர்ப்படும். 'சமுதாயத் தலைமை' என்பது அவற்றுள் ஒன்று. தலைமை என்றவுடன் மேடையும் மாலையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பிற மாநிலத்தில் வாழும் தமிழருக்கு அதன் பொருள் வேறு. பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரைத் தேடுவதும், வகுப்புக்கு இடம் பிடிப்பதும், சந்தா திரட்டுவதும் அங்கே தலைமையின் வேலைகள். தில்லியில் அவ்வாறு வளர்ந்த ஒரு கழகத்தைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என்று 1911-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அதன் பின்னர் தென்னாட்டிலிருந்து குமாஸ்தாக்களும் கணக்கர்களும் சுருக்கெழுத்தாளர்களும் இங்கு வந்து சேர்ந்தனர். அக்காலத்தில் கோடை வந்தால் சர்க்கார் அலுவலகங்கள் சிம்லாவுக்கு ஏறும்; குளிர் வந்தால் இறங்கும். அவற்றோடு அலைந்த குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் படிப்பு பெருங்கவலையாக இருந்தது. 1923-இல் மதராஸி கல்விச் சங்கம் தோன்றியது. அதுவே இன்றைய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம். புது தில்லி நகரம் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது 1931-இல்தான். நகரத்துக்கு முன்பே நம்மவரின் கல்விச் சங்கம் பிறந்துவிட்டது.

இன்று மந்திர் மார்க், லோதி எஸ்டேட், இலட்சுமிபாய் நகர், மோதிபாக், இராமகிருஷ்ணபுரம், பூசா ரோடு, ஜனக்புரி ஆகிய ஏழு இடங்களில் கழகத்தின் பள்ளிகள் நடைபெறுகின்றன. மொழிச் சிறுபான்மையினர் தமக்குரிய கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையை நமது அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு வழங்குகிறது. தொடக்க வகுப்புகளில் தாய்மொழிவழிக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்று, 1956-இல் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு கூறுகிறது. தில்லியில் உதவி பெறும் பள்ளிகளுக்கு, ஏற்கத்தக்க ஊதியச் செலவில் 95 விழுக்காட்டை அரசு அளிக்கிறது. எஞ்சிய 5 விழுக்காட்டை நிருவாகமே திரட்டியாக வேண்டும். சட்டம் உரிமையைத் தரலாம். அந்த ஐந்து பங்கையும், அதற்காக அலையும் கால்களையும் சமுதாயமே தர வேண்டும்.

உத்தியோகஸ்தர் தம் பிள்ளைகளுக்காக எழுப்பிய இப்பள்ளிகளில் இன்று வீட்டு வேலை செய்வோரின் பிள்ளைகளும் பயில்கின்றனர். ஜங்க்புராவில், பாராபுல்லா வடிகாலின் கரையில், மதராஸி கேம்ப் என்றொரு குடியிருப்பு இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புக்காக வந்த ஏழைக் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக அங்கே வாழ்ந்தன. அவர்களுடைய பிள்ளைகள் பலருக்கு லோதி எஸ்டேட் பள்ளியே கல்விக்கூடம்.

2025-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஒரு நாள், அலுவலகத்துக்குச் செல்லும் வழியில், அப்பள்ளியின் வாயிலில் ஓர் அம்மையாருடன் பேச நேர்ந்தது. "ஊர்ல இருந்து வந்த பட்டாக் காகிதத்தை எம்பொண்ணுதான் சார் படிச்சுச் சொன்னா. எனக்குக் கையெழுத்துப் போட மட்டுந்தான் தெரியும். வீடு தூரமாப் போயிட்டா இவளை எப்படி சார் இங்க அனுப்புறது?" என்று அவர் கேட்டார். என்னிடம் விடை இல்லை.

அவ்வாண்டு ஜூன் 1-ஆம் நாள், உயர்நீதிமன்ற ஆணையின்படி, அக்குடியிருப்பு அகற்றப்பட்டது. வெள்ளம் வடிவதற்கு அது தடையாக உள்ளது என்பது சொல்லப்பட்ட காரணம். ஏறத்தாழ 370 குடும்பங்களுள் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதியுடையன எனக் கொள்ளப்பட்டன. அவ்வீடுகள் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், நரேலாவில் உள்ளன. கழகத்தின் ஏழு பள்ளிகளுள் ஒன்றேனும் அதன் அருகில் இல்லை.

இத்தகைய நிலையில் ஒரு சமுதாயம் என்ன செய்யக்கூடும்? இதற்குக் கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. போர்ட்டோ ரிக்கோ தீவினர் ஸ்பானிய மொழி பேசுவோர். அவர்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள்; எனினும் நியூயார்க் நகரில் மொழியால் அயலாராயினர். நாமும் சொந்த நாட்டிலேயே அப்படித்தானே வாழ்கிறோம்! அவர்களுள் ஒருவரான அந்தோனியா பந்தோஹா என்னும் அம்மையார் 1961-இல் 'அஸ்பிரா' என்ற அமைப்பை நிறுவினார். அது பள்ளிகளில் மாணவர் மன்றங்களை ஏற்படுத்தி, கல்வியோடு பொறுப்பேற்கவும் இளைஞரைப் பழக்கியது. பின்னர் நகரக் கல்வி வாரியத்தின்மேல் வழக்குத் தொடுத்து, ஆங்கிலம் நன்கறியாத ஸ்பானிய மொழி மாணவருக்கு இருமொழிக் கல்வி கிடைக்க 1974-இல் வழிசெய்தது. உதவி பெறுவோராக எண்ணப்பட்டவர்கள், கோரிக்கையை வகுப்போராக உயர்ந்தனர்.

நம்மிடையேயும் இது நிகழ வேண்டும். ஒரு சங்கம் எவருடைய பிள்ளைகளுக்குக் கல்வி தருகிறதோ, அவர்களுடைய பெற்றோருக்கும் அதன் ஆலோசனையில் இடம் இருத்தல் வேண்டும். பள்ளிப் பேருந்து எத்தெருவில் நிற்க வேண்டும் என்பது, அத்தெருவில் வசிக்கும் தாய்க்குத் தெரிவதுபோல் நமக்குத் தெரியாது. உறுப்பினர் சந்தாவைத் தவணையில் பெறலாம். கூட்டங்களை வேலைக்குச் செல்வோர் வரக்கூடிய மாலைப் பொழுதில் நடத்தலாம். பள்ளி இல்லாத இடத்தில் ஞாயிறுதோறும் ஒரு தமிழ் வகுப்பையேனும் தொடங்கலாம். அதற்கு மாடமாளிகை வேண்டுவதில்லை. ஒரு கூடமும், கரும்பலகையும், மேல்வகுப்பு மாணவர் இருவரும் போதும். 2001-இல் தோன்றிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் எந்த மாநிலத்தவருக்கும் பயன்படும்.

பம்பாயிலோ, கல்கத்தாவிலோ, வேறெங்கோ இதனைப் படிக்கும் அன்பர்களே, உங்கள் ஊர்ச் சங்கத்திலும் பொங்கல் விழா சிறப்பாக நடைபெறும். அவ்விழாவில் பாயசம் பரிமாறுகிறவர் யார், பாத்திரம் துலக்குகிறவர் யார் என்று ஒருமுறை பாருங்கள். துலக்குகிறவரின் மகள் தமிழ் படிக்கிறாளா என்று கேளுங்கள். இல்லையெனில், சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் முதற் பொருளாக அதனை வையுங்கள். அந்தக் கூட்டத்துக்கு அப்பெண்ணின் தாயையும் அழையுங்கள்.