தார்வார் முசுவும் போசூ சிம்பன்சியும்



ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் சிம்பன்சிக்கும் நம் ஊரான மூக்கண்டப்பள்ளிக்கும் என்ன சம்பந்தம் என்ற வினா உங்கள் உள்ளத்தில் எழுந்திருக்கும். அந்த ஜந்துவைப் பற்றிய நெடுங்கால ஆராய்ச்சிகளுள் ஒன்றுக்குப் போன பாதை, நமக்கு அண்டைவீடான கன்னட நாட்டில், பெங்களூருக்கும் அப்பால் உள்ள தார்வாரின் வழியாகவே போயிற்று.

1961ஆம் ஆண்டில் யுகிமாரு சுகியாமா என்னும் ஜப்பானிய அறிஞர் தார்வாரைச் சூழ்ந்த காடுகளில் முசுக்களை ஆராய வந்தார். முசு என்பது சங்கப் புலவர் வழங்கிய சொல். கன்னடத்தார் முசுவ என்றும் தெலுங்கர் கொண்டமுச்சு என்றும் சொல்லுவர். ஆகவே மும்மொழியும் புழங்கும் இவ்வூரில் அந்தக் கருமுகக் குரங்கை நான் வர்ணிக்க வேண்டுவதில்லை. அனுமனின் வம்சமென்று ஜனங்கள் கல்லெறியாமல் விட்டுவைத்திருந்தபடியால், அவை மனிதனைக் கண்டு மிரண்டோடவில்லை. பார்க்க வந்தவருக்கு அந்தப் பக்தியே பேருபகாரமாயிற்று.

ஆயினும் அவர் கண்டது பக்தர்கள் எதிர்பாராத காட்சி. 1962இல், வெளியிலிருந்து வந்த கடுவன்கள் ஒரு கூட்டத்தின் தலைவனை விரட்டியடித்தன. அவற்றுள் ஒன்று தலைமையைக் கைப்பற்றியது. பிறகு மந்திகளின் மடியிலிருந்த குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடிபட்டு மாண்டன. இதை அவர் எழுதியபோது, ஏதோ நெருக்கடியால் விளைந்த விபரீதமென்று அறிஞர் பலர் ஒதுக்கினர். 1971இல் அதே முசுக்களை ஆராய அபு மலைக்கு வந்த அமெரிக்கப் பெண்மணி சாரா ஹர்டி, குட்டியை இழந்த தாய் விரைவில் மறுபடி கருத்தரிக்கிறாள் என்பதையும், கடுவனின் தலைமை நீடிப்பதில்லை என்பதையும் சேர்த்துவைத்து, இதில் ஒரு கணக்கு உண்டென்று விளக்கினார். கணக்குத்தான், ஆனால் கேட்கவே மனம் கூசும் கணக்கு.

அதே சுகியாமா 1976இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டில் போசூ என்னும் சிற்றூருக்குப் போய்ச் சிம்பன்சிகளைப் பார்க்கத் தொடங்கினார். அவ்வூர் மனோன் மக்கள் சிம்பன்சிகளைத் தம் முன்னோரோடு சம்பந்தப்பட்டவையாகக் கருதி வேட்டையாடாது காத்தவர்கள். தார்வாரில் அனுமன் செய்த உபகாரத்தை அங்கே முன்னோர் செய்தனர் என்று எனக்குத் தோன்றுகிறது.

போசூ சிம்பன்சி, ஒரு கல்லைப் பட்டறையாக்கி, மற்றொன்றைச் சுத்தியலாக ஏந்தி, செம்பனைக் கொட்டையை உடைத்துப் பருப்பைத் தின்னும். இந்த வித்தை குட்டிக்குப் பிறவியிலே வருவதன்று. தாயின் அருகிலிருந்து பார்த்துப் பார்த்து, கல்லை வீணாகப் புரட்டிப் புரட்டி, மூன்று வயதுக்குமேல்தான் அதற்குக் கைவரும். நம் ஆலைகளில் அப்ரண்டீசை அவ்வளவு காலம் பொறுப்பார்களோ, நான் அறியேன்.

ஒரு தாய்க்கு அடுத்த குட்டி பிறக்க ஏறக்குறைய ஐந்தாண்டு ஆகும்; அவள் ஆயுளோ ஐம்பதையும் எட்டக்கூடும். மூன்றாண்டு மானியத்தில் வந்து போகிறவர் அவள் கதையில் எதைக் காண்பார்? ஆகையால்தான் இந்த ஆராய்ச்சி, ஷிப்டு மாறும்போது இயந்திரத்தை அடுத்தவர் கையில் ஒப்படைப்பதுபோல், ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குக் கைமாறுகிறது. 1960 ஜூலையில், இருபத்தாறு வயதில், தாங்கனீக்கா ஏரிக்கரையில் கோம்பேயில் சிம்பன்சிகளை ஆராய இறங்கிய ஜேன் குடால் அம்மையார் 2025 அக்டோபரில் மறைந்தார். கோம்பேயில் குறிப்பேடு இன்னும் எழுதப்படுகிறது. அவரும் ஒரு பிழை செய்தார்: அருகில் வரவழைக்க வாழைப்பழம் கொடுத்தார், சண்டை பெருகியது, பின்னர் அந்த வழக்கத்தைக் கைவிட நேர்ந்தது.

நம் சந்திரசூடேஸ்வரர் மலையில் திரிகிற நாட்டுக்குரங்குகளை நாமும் ஓராண்டு பார்த்து எழுதலாமென்று சிலர் எண்ணியிருக்கிறோம். சேர விரும்புவோர் பழம் கொண்டுவர வேண்டா. நோட்டும் பென்சிலும் போதும். முதல் ஷிப்டுக்காரர்கள் மாலையிலும், இரண்டாம் ஷிப்டுக்காரர்கள் காலையிலும் வரலாம்.