மருந்தை விடாதே என்றேன், மீதியைச் சொல்லவில்லை
(ஆலய ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



திருவிழா மேடையில் நோயைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. இந்தக் கேமரன் மலையில் என்னிடம் படித்து, தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த ஒருவருக்குக் காசநோய் கண்டது. "ஒரு நாள்கூட மாத்திரையை விடாதே" என்று கண்டித்துச் சொன்னேன். அவரும் விடவில்லை. பசி போயிற்று; வாந்தி வந்தது; கண் மஞ்சளித்தது. அப்போதும் விழுங்கிக்கொண்டே இருந்தார். தானா ராத்தா மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் வழியில், "ஏன் சொல்லவில்லை?" என்றேன். "விடக்கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள், ஐயா" என்றார். இறையருளால் பிழைத்துக்கொண்டார். நான் பாதிப் பாடம்தான் நடத்தியிருந்தேன். மீதியை இன்று சொல்கிறேன்.

1956-இல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. காசநோயாளிகளில் ஒரு சாராருக்குச் சானடோரியத்திலும், மற்றவர்களுக்கு வீட்டிலும் ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். ஒழுங்காக மருந்துண்டால் வீட்டில் இருப்பவரும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைகிறார் என்ற முடிவு 1959-இல் வெளிவந்தது. அதன் பயனாக நோயாளி இன்று நம் வீட்டிலேயே இருக்கிறார். எனவே அவரைக் கவனிக்கும் பொறுப்பும் நம்முடையது.

வழக்கமான சிகிச்சை 6 மாதம்: முதல் 2 மாதம் 4 மருந்துகள், பிறகு 4 மாதம் 2 மருந்துகள். இவற்றுள் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கக்கூடும். பெரும்பாலும் முதல் சில மாதங்களில். முதியோர், மது அருந்துவோர், ஹெபடைடிஸ் கிருமி உள்ளோர் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சிகிச்சை முடியும்வரை கள்ளும் சம்சுவும் வேண்டவே வேண்டாம்.

ரிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சள் நிறமாக்கும். அது மருந்தின் சாயம். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஆனால் பசியின்மை, ஓயாத குமட்டல், வலப்பக்க வயிற்று வலி, கடுஞ்சாயத் தேநீர்போல் கறுத்த சிறுநீர், மஞ்சளித்த கண் இவற்றைக் கண்டால், அடுத்த மாத்திரையை விழுங்குமுன் மருத்துவரிடம் செல்லுங்கள். கீழாநெல்லிச் சாற்றைக் குடித்து நாள் கடத்தாதீர்கள். மருத்துவர் இரத்தத்தைச் சோதிப்பார். தேவையானால் மருந்தை நிறுத்துவார். கல்லீரல் தேறியபின் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுப்பார்.

அதற்காகப் பயந்து நாமே மாத்திரையைத் தூக்கி எறிந்தால், நோய் திரும்பும். மருந்துக்கு அடங்காத கிருமியும் உருவாகும். வீட்டுப் பிள்ளைகளுக்கும் தொற்றும்.

தாய்மார்களே, விபூதி இட்டுவிடும்போது அவர் கண்ணையும் ஒருமுறை பாருங்கள். முருகப் பெருமான் அனைவரையும் காப்பாராக.