ஒரே ஒரு தூண்டிற்கோல்

பிழைப்பை நாடி வெளிமாநிலம் வந்து சேர்ந்த நம்மவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு விசித்திரமான நாள். வாரம் முழுவதும் அலுவலகமும் ஆலையும் நம்மை ஆட்கொண்டுவிடுகின்றன. அந்த ஒரு நாள் மட்டும் என்ன செய்வதென்று அறியாமல் நம் கையில் மிஞ்சி நிற்கிறது. கொல்கத்தாவுக்கு வந்த புதிதில் அந்த நாளை நான் ஒரு குளக்கரையில் கழிக்கத் தொடங்கினேன். வங்காளியருக்கு மீன் உணவு மட்டுமன்று. தூண்டிலும் தக்கையுமாகக் கரையில் அமர்ந்திருப்பது அவர்களுக்கு ஒரு பெரும் இன்பம். அவர்களோடு அமர எனக்கும் ஒரு கோல் தேவைப்பட்டது. அதை வாங்குவதில் நான் செய்த தவறே இன்றைய பேச்சுக்குக் காரணம்.

வலிமையான கோலே நல்ல கோல் என்பது அந்நாளில் என் எண்ணம். கடைக்குச் சென்று, இருப்பவற்றுள் தடித்ததும் குட்டையானதுமான ஒரு கோலைத் தேர்ந்தெடுத்தேன். எத்துணை பெரிய மீனையும் தாங்கும் என்று எண்ணி மகிழ்ந்தேன். முதல் மூன்று ஞாயிறுகளில் நான்கு மீன்கள் என் முள்ளில் மாட்டின. நான்கும் கரை சேருமுன் கழன்று போயின. நான்காவது மீன் ரோகு. தண்ணீரில் அதன் செந்நிறச் செதில்களைக் கண்ணால் கண்டேன். மறுகணம் நரம்பு தளர்ந்து தொங்கியது.

அருகில் அமர்ந்திருந்த ஒரு முதியவர், கரையில் எல்லோராலும் ‘காக்காபாபு’ என்று அழைக்கப்பட்டவர், என் கோலை வாங்கி அசைத்துப் பார்த்தார். இது மீன் பிடிக்கும் கோலன்று, மாடு ஓட்டும் கழி என்று சிரித்தார். பிறகு தம் கோலை என் கையில் கொடுத்து, நரம்பின் நுனியைத் தாம் பற்றிக்கொண்டு மெல்ல இழுத்தார். நுனி முதலில் தலை வணங்கியது. பின்பு நடுப்பகுதி வில்லாக வளைந்தது. அடிப்பகுதி மட்டும் அசையாமல் நின்றது. அவர் கையை எவ்வளவு உதறினாலும் நரம்பு ஒரு கணமேனும் தளரவில்லை. மீனைக் களைப்படையச் செய்வது கோலின் வலிமையன்று, அதன் வளைவே என்பதை அன்று அறிந்தேன். ரோகுவின் உதடு மென்மையானது. விறைப்பான கோல் அதன் ஒவ்வோர் உதறலையும் முள்ளுக்கே அனுப்பிவிடுகிறது. முள் சதையைக் கிழித்துக்கொண்டு வெளிவருகிறது; அல்லது நரம்பு அறுந்துபோகிறது. வளையும் கோலோ அந்த உதறலைத் தானே விழுங்கிவிடுகிறது.

அப்படியாயின் ஒரே ஒரு கோல்தான் வாங்க இயலும் என்னும் நிலையில் உள்ளவர் எதை வாங்குவது? இதற்கு விடை கடையில் இல்லை, குளத்தில் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டு ஒடிசாவில் ஹீராலால் சௌதுரி, அலிகுஞ்ஞி ஆகிய விஞ்ஞானிகள் ஊசி மருந்தின் உதவியால் பெருங்கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிடச் செய்து வெற்றி கண்டனர். ஆற்றிலிருந்து குஞ்சு சேகரித்தே குளம் நிரப்ப வேண்டும் என்ற நிலை அதன்பின் மாறியது. இன்று நீங்கள் எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், அருகிலுள்ள ஏரியிலும் குளத்திலும் கட்லா, ரோகு, மிர்கால் என்ற மூன்று மீன்களைப் பெரும்பாலும் காணலாம். இம்மூன்றும் ஒரே வீட்டின் மூன்று மாடிகளில் குடியிருப்பவை போன்றவை. கட்லா மேல்நீரில் மேயும். ரோகு இடைநீரில் மேயும். மிர்கால் அடிச்சேற்றைக் கிளறும். ஆகவே தக்கையை மேலாகவும் நடுவாகவும் கட்டி மீன் பிடிக்கவும், தக்கையே இன்றி ஈயக்குண்டைக் கட்டி அடியில் இரை கிடத்தவும் ஏற்ற கோலே நமக்கு வேண்டிய கோல்.

இங்கிலாந்தில் சால்மன், டிரௌட் நீங்கலாக உள்ள நன்னீர் மீன்களைப் பிடிப்போர் இவ்வகைக் கோலை ‘ஏவன்’ கோல் என்கின்றனர். ஏவன் என்பது அந்நாட்டில் ஓர் ஆற்றின் பெயர். இக்கோலின் நீளம் 11 முதல் 12 அடி வரை இருக்கும். கோல் நீளமாயிருந்தால் நரம்பைத் தண்ணீரில் படியவிடாமல் தூக்கிப் பிடிக்கலாம். மீனைப் படித்துறைக் கற்களுக்கும் தாமரைக் கொடிகளுக்கும் எட்டவே நிறுத்தலாம்.

அடுத்து வளைவின் அளவு. கோலை அசையாமல் கிடையாகப் பிடித்து, வளையங்களின் வழியே வந்த நரம்பில் ஒரு வில்தராசைக் கட்டி இழுக்க வேண்டும். நுனி அடிப்பகுதிக்குச் செங்கோணமாகத் திரும்பும்போது தராசு காட்டும் எடையே அந்தக் கோலின் வளைவு எடை. நம் தேவைக்கு ஒன்றே கால் பவுண்டு, அதாவது ஏறத்தாழ 570 கிராம், பொருத்தமானது. இதிலிருந்து இரண்டு கணக்குகள் பிறக்கின்றன. வளைவு எடையை ஐந்தால் பெருக்கினால் நரம்பின் தாங்குதிறன் கிடைக்கும். நமக்கு அது ஆறு பவுண்டு அளவு, சுமார் 2.8 கிலோ. வளைவு எடையில் ஒரு பவுண்டுக்கு ஓர் அவுன்ஸ் வீதம் எறியும் எடையைக் கொள்ளலாம். நமக்கு அது சுமார் 35 கிராம். சில கோல்களில் எறி எடை மட்டுமே அச்சிடப்பட்டிருக்கும். அந்த வரம்புக்குள் 35 கிராம் அடங்குகிறதா என்று பார்த்தால் போதும்.

இவ்வளவு மெல்லிய கோல் பெரிய மீனைத் தாங்குமா என்று சிலர் ஐயுறக்கூடும். 1952-ஆம் ஆண்டு ரிச்சர்ட் வாக்கர் என்னும் ஆங்கிலேயர் ரெட்மையர் என்ற குளத்தில் 44 பவுண்டுக் கெண்டையொன்றைப் பிடித்தார். அவர் கையிலிருந்தது தாமே பிளந்த மூங்கிலால் செய்த பத்தடிக் கோல். அதன் வளைவு எடை ஒன்றரைப் பவுண்டுதான்!

மூங்கில் என்றதும் ஒரு செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கைவினைஞர்கள் பிளந்த மூங்கிற்கோல் செய்யத் தொடங்கியபோது, கல்கத்தாவிலிருந்து கப்பலேறிய மூங்கிலையே விரும்பி வாங்கினர். இன்று மூங்கிலின் இடத்தைக் கண்ணாடி இழையும் கரி இழையும் பிடித்துக்கொண்டன. கண்ணாடி இழைக் கோல் சற்றுக் கனமானது. ஆயினும் அடிபட்டாலும் எளிதில் முறியாது. கரி இழைக் கோல் மிக இலேசானது. நாள் முழுவதும் பிடித்தாலும் கை சோராது. ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிகள் செல்லும் இடத்தில் அதை உயர்த்துவது உயிருக்கே ஆபத்து. இடி முழங்கினால் எந்தக் கோலையும் கீழே வைத்துவிட்டுக் கரையை விட்டு அகலுங்கள். இதை மறவாமல் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

வாங்குமுன் வேறு சிலவற்றையும் கவனிக்க வேண்டும். ஒன்றினுள் ஒன்று அடங்கும் குழல் கோல் பையில் நுழையும் என்பது உண்மை. ஆனால் அதில் வளையங்கள் குறைவு; வளைவும் சீராக அமைவதில்லை. மூன்று துண்டுகளாகப் பிரியும் பன்னிரண்டடிக் கோல் நான்கடிக் கட்டாகிவிடும். ஒற்றை அறைக் குடித்தனத்திலும், விடுமுறைக்கு ஊர் செல்லும் ரயிலிலும் அதற்கு இடமுண்டு. வளையங்களுக்குள் சிறிது பஞ்சை நுழைத்து இழுத்துப் பாருங்கள். பஞ்சின் இழை சிக்கினால் அங்கே விரிசல் உண்டு. அது நரம்பை அறுத்துவிடும். இறுதியாக, கடைக்காரரின் அனுமதியோடு காக்காபாபு செய்த சோதனையைச் செய்யுங்கள். வளைவு ஓரிடத்தில் மடங்காமல், நுனியிலிருந்து நடுவரை படிப்படியாக இறங்க வேண்டும்.

இந்தக் கோலால் ஆகாதவையும் உண்டு. அடர்ந்த பாசிக்குள்ளிருந்து விராலை இழுத்தெடுக்க இது ஏற்றதன்று. கடலுக்கும், மலையாற்று வெள்ளத்துக்கும் வேறு கோல் வேண்டும். பத்து ஞாயிறுகளில் ஒன்பதில் நாம் எந்தக் கரையில் அமர்கிறோமோ, அந்தக் கரைக்கு ஏற்றதை வாங்குவதே அறிவுடைமை. என்றோ ஒருநாள் வரக்கூடிய பெருமீனை எண்ணி வாங்கிய கோல், அன்றாடம் வரும் மீனை இழக்கச் செய்யும். என் அனுபவம் அதுவே.

கோல் வாங்கியபின், குளத்துக்கு உரியவரிடம் அனுமதி பெறுங்கள். கட்டணம் உண்டென்றால் செலுத்துங்கள். பிறகு கரையில் இருப்பவரோடு அமருங்கள். வங்காளத்தில் கோலுக்குச் ‘சிப்’ என்றும், தக்கைக்குப் ‘பாத்னா’ என்றும், இரைக்கு ‘டோப்’ என்றும் பெயர். நான் இந்த ஊர் மொழியில் முதன்முதலாகக் கற்ற சொற்கள் இவையே. அந்தத் தடித்த கோலும் வீணாகவில்லை. என் வீட்டு மாடியில் இன்றும் அது துணி உலர்த்தப் பயன்படுகிறது.