பலர் வாய்ப் பாட்டு



நம் வட்டம் பத்தாண்டு நிறைவுறும் இவ்வேளையில் தேவாலயப் பாடகர் குழுவைப் பற்றிப் பேச நான் எழுந்து நிற்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். இலக்கிய அவையில் ஆலயப் பாட்டுக்கு என்ன வேலை என்று கேட்கவும் கூடும். ஒரு பாட்டை இருபது பேர் ஒரே மூச்சில் பாடும்போது அப்பாட்டின் மொழிக்கு என்ன நேர்கிறது என்பது கவிஞர்களுக்குரிய கேள்வி. ஆகவேதான் அதனை இங்கே கொண்டுவந்தேன். குழுவில் ஒருவனாக நின்று பாடுபவன் என்ற அளவிலேயே பேசுகிறேன். இசைப் புலமை எனக்கு உண்டென்று யாரும் கொள்ள வேண்டா.

பாடகர் குழுவில் நிற்பவன் முதலில் கற்பது பாடுவதையன்று; கேட்பதை. தன் குரல் தனியே கேட்டால் அது பிழை. பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்கும் இடத்தில் தானும் வாங்கலாகாது; வாங்கினால் அடி அறுந்துபோகும். எழுதியவர் பெயர் பாடுவோர் பலருக்குத் தெரியாது. ஆயினும் அவர் சொல் அவர்கள் வாயில் வாழ்கிறது. நூலாக அச்சேறி நூலகத்தில் உறங்கும் கவிதைக்கு இப்பேறு கிடைப்பதில்லை.

தமிழில் இப்பேற்றை அறிந்து பாடியவர்களுள் முதலில் வைத்தெண்ணத்தக்கவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). ‘சுவிசேஷ கவிராயர்’ என்று போற்றப்பட்ட இவர் திருநெல்வேலியில் பிறந்து, தஞ்சையில் சுவார்ட்சு ஐயரிடம் பயின்றவர். சரபோசி மன்னரின் உடன்காலத்தவர். இவரைப் பிற்காலத்து மாயூரம் வேதநாயகம் பிள்ளையோடு மயங்கலாகாது. தரங்கம்பாடிக்கு 1706ஆம் ஆண்டு சீகன்பால்க் வந்த காலந்தொட்டே, செர்மானியப் பாட்டுகளை மெட்டு மாறாமல் தமிழாக்கும் முயற்சி நடந்துவந்தது. ஞானப்பாட்டு என்றும் பாமாலை என்றும் வழங்குவன அவ்வழி வந்தவையே. சாஸ்திரியாரோ பெத்லகேம் குறவஞ்சி, ஞானக்கும்மி, ஞானத்தச்ச நாடகம் என்று மண்ணில் வழங்கிய வடிவங்களையே எடுத்துக்கொண்டார். திருவையாற்றில் தியாகராசர் தெலுங்கில் கீர்த்தனம் பாடிய அதே காலத்தில், அதே காவிரிக் கரையில், பல்லவியும் அநுபல்லவியும் சரணமுமாகத் தமிழில் சுவிசேஷக் கீர்த்தனைகள் பிறந்தன.

இந்த இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாடு பாடும் வாய்க்கு உடனே தெரியும். தமிழில் குறிலும் நெடிலும் ஓசை அளவில் மட்டும் வேறானவை அல்ல, பொருளையே மாற்றுவன. மேலை மெட்டில் நீண்ட சுரம் எங்கே விழும் என்பது முன்பே முடிவானது. அங்கே ஒரு குறில் வந்து அகப்பட்டால் ‘விடு’ என்பது ‘வீடு’ ஆகும். ‘பலம்’ கேட்டுப் பாடுகிறவன் ‘பாலம்’ கேட்டவன் ஆகிறான். இசைவாணர் கீர்த்தனையிலும் குறிலை நீட்டுவதுண்டு. ஆயினும் நல்ல கீர்த்தனையில் எதுகை தாளத்தின் எடுப்போடு இயைந்து நிற்கும். நெடில் நீளும் இடத்தில் நீளும். எழுத்தறியாதவரும் நினைவில் வைத்துப் பாடியதற்கு இவ்வமைப்பே காரணம்.

பாமாலையைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டா. நான்கு குரல்கள் நான்கு வழியில் சென்று ஓரிடத்தில் கூடும் இன்பத்தை அதுவே நமக்குத் தந்தது. அவ்வின்பத்துக்குத் தமிழ் ஓர் அரிய மொழி என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. உயிரிலோ மெல்லின, இடையின மெய்களிலோ முடியும். ஆங்கிலப் பாட்டின் ஈற்றில் வரும் ‘ட்’ டையும் ‘ஸ்’ ஸையும் இருபது பேர் ஒரே நொடியில் முடிக்கப் படும் பாடு நமக்கு இல்லை. நம் தொல்லை குற்றியலுகரம். ‘கேட்டு’ என்ற சொல்லின் ஈற்று உகரத்தை இழுத்துவிட்டால் சொல்லே கெடும். இலக்கணத்தில் அரை மாத்திரை என்று படித்ததன் பொருள் பாட்டுப் பயிற்சியில்தான் செவிக்கு எட்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். மூக்கண்டப்பள்ளி போன்ற தொழிற்பேட்டை ஊரில் பாடகர் குழு என்பது ஓர் ஊரார் கூடியது அன்று. குமரியிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வேலூரிலிருந்தும் ஆலை வேலைக்கு வந்தவர் ஒருபுறம்; வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் எல்லைப்புறத்தார் மறுபுறம். இரவு ஷிப்ட் உள்ளவர் பயிற்சிக்கு வர இயலாது; எந்தக் குரலில் ஆள் குறையும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. தமிழ் எழுத்துப் பழகாதவர் பாட்டைக் கன்னட எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவார். பழங்கன்னடத்தில் இருந்த ழகர றகர எழுத்துகள் இன்று வழக்கில் இல்லை. ஆகவே ‘வழி’ காட்ட வேண்டுகிறவர் ‘வளி’ காட்ட வேண்டுவார். வளி என்பது காற்று. இதற்கு நகைப்பவர் நம் தமிழர் பலர் வாயிலும் ழகரம் படும் பாட்டை எண்ணிப் பார்ப்பது நலம். பாட்டு என்று நாம் சொல்வதைத் தெலுங்கர் ‘பாட’ என்கிறார். கன்னடர் ‘ஹாடு’ என்கிறார். சொல் ஒன்றே, வாய்தான் மூன்று.

கூடிப் பாடுவதால் மட்டும் எல்லாம் சமனாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. 1820களில் ஆலயத்துள் சாதிவாரியாக அமரும் வழக்கத்தை நீக்கப் புதிய மிஷனரிமார் முற்பட்டபோது, சாஸ்திரியார் அவ்வழக்கத்தின் பக்கமே நின்றார். எல்லார் வாயிலும் ஏறிய பாட்டு, எல்லாரையும் ஒரே பாயில் அமர்த்தவில்லை. அவர் கவிதையைப் போற்றும் நாம் இதனை மறைத்துப் போற்றலாகாது. இதற்கு மறுமொழி நம் காலத்தில் பாட்டிலிருந்தே எழுந்தது. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு (இறப்பு 2005), ‘பறட்டை’ என்ற பெயரோடு நாட்டுப்புற மெட்டையும் பேச்சுத் தமிழையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார்; ஒடுக்கப்பட்டோரின் இசை இறைவன் திருமுன் ஒலிக்கத் தகுந்தது என்று பாடியே நிலைநாட்டினார். அமெரிக்காவில் அடிமைகளாயிருந்தோரின் பாட்டுகளை 1871ஆம் ஆண்டு முதல் பிஸ்க் கல்லூரி மாணவர் ஊர் ஊராகச் சென்று பாடி, தம் கல்லூரிக்கு நிதி திரட்டிய வரலாறும் இதற்கு உறவுடையது. எழுதவும் படிக்கவும் தடுக்கப்பட்டவர்க்குப் பலர் வாய்ப் பாட்டே நூலாக இருந்தது.

இன்று எனக்குள்ள கவலை ஒன்று. நேரமில்லை என்று கீர்த்தனையில் பல்லவியையும் இரண்டு சரணங்களையும் பாடி நிறுத்திவிடுகிறோம். சரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கதையை நடத்திச் செல்பவை. இரண்டோடு நிறுத்தினால் கதை பாதி வழியில் நின்றுவிடும். பாடாத சரணம் ஒரு தலைமுறையில் மறந்துபோகும். அடுத்த பதிப்பில் அச்சிலிருந்தும் நீங்கும். எளிதில் பிடிபடும் சிறு பாட்டுகள் வேண்டும்தான். மொழி புதிதாய்க் கற்போர்க்கு அவை தோள்கொடுக்கும். ஆனால் அவை மட்டுமே போதும் என்றால், இருநூறு ஆண்டுத் தமிழை நம் கையாலேயே கழித்துக் கட்டியவர் ஆவோம்.

இலக்கிய வரலாறு எழுதுவோர் இப்பாட்டுகளைச் செபம் என்று ஒதுக்குகின்றனர். ஆலயத்தார் இவற்றைக் கவிதையென்று நினைப்பதில்லை. இரு கரையும் சேராத பரிசலாக இவை நிற்கின்றன. ஆதலின் இவ்வட்டத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஆண்டுக்கொரு கூட்டத்திலேனும் ஒரு கீர்த்தனையை முதற் சரணம் முதல் கடைசிச் சரணம் வரை பாடிக் கேட்டு, கவிதையாக வைத்து ஆராய்வோம். அடுத்து, நம் கவிஞர்கள், எம்மதத்தவராயினும் மதம் சாராதவராயினும், இருபது பேர் கூடிப் பாடத்தக்க ஒரு பாட்டையாவது எழுத வேண்டும். கண்ணுக்கு எழுதிய கவிதையில் மறைந்துகொள்ளும் குறை, பாடுவோர் வாயில் மறையாது. இரவு ஷிப்ட் முடித்து நேரே ஆலயத்துக்கு வந்து நிற்பவர் களைத்த குரலிலும் நம் சொல் பொருள் கெடாமல் நிற்குமாயின், அதனைக் கவிதையென்று துணிந்து சொல்லலாம்.