பெல்ட்டின் வேகமும் மனிதரின் மூச்சும்



இன்று நம் சிந்தனைக்கு ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். பொருளைச் சுமந்து நகரும் கன்வேயர் அது.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் இருந்தது ஃபோர்டு தொழிற்சாலை. 1913ஆம் ஆண்டுவரை அங்கே கார் ஓரிடத்தில் நிற்கும். தொழிலாளர்கள் அதனிடம் சென்று பாகங்களைப் பூட்டுவார்கள். அந்த ஆண்டில் கார் நகரத் தொடங்கியது, ஆள் நின்றார். ஒருவருக்கு நாள் முழுதும் ஒரே நட்டு. இன்னொருவருக்கு ஒரே சக்கரம். 12 மணி நேரத்துக்கு மேல் பிடித்த வேலை, சில மாதங்களில் 93 நிமிடங்களில் முடிந்தது. 1908இல் 850 டாலருக்கு விற்ற கார், 1920களில் 300 டாலருக்கும் கீழே வந்தது. எளிய குடும்பங்களும் கார் வாங்கின. இந்த நன்மையை நாம் மறுப்பதற்கில்லை.

ஆனால் வேலையின் வேகம் தொழிலாளியின் கையைவிட்டுப் போய்விட்டது. பெல்ட் ஓடும் வேகத்துக்கு அவர் ஓட வேண்டும். ஏறத்தாழ 14,000 பேர் தேவைப்பட்ட இடத்தில், 1913இல் மட்டும் 52,000 பேருக்கு மேல் வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. வந்தவர்கள் தங்கவில்லை. 1914 ஜனவரியில் நிர்வாகம் வேலை நேரத்தை 9 மணியிலிருந்து 8 மணியாகக் குறைத்தது. தகுதியுள்ளோருக்கு ஏறத்தாழ இரு மடங்காக, நாளுக்கு 5 டாலர் என அறிவித்தது. வேலை கேட்டு வாசலில் கூட்டம் நெருக்கியது. ஆனால் அந்தத் தகுதியைச் சோதிக்க ஆய்வாளர்கள் தொழிலாளியின் வீட்டுக்குள்ளும் வந்தார்கள். பெல்ட்டின் வேகமும் குறையவில்லை.

அன்பர்களே, கூலி உயர்ந்தால் மட்டும் போதுமா? 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடல், உழைப்பின் மதிப்பைச் செய்யப்படும் பொருளை வைத்து அளக்கவில்லை. உழைப்பவர் ஒரு மனிதர் என்பதை வைத்தே அளக்கிறது. நாசரேத்தின் தச்சுப் பட்டறையில் உழைத்த ஆண்டவரை வணங்கும் நமக்கு இது புதிதல்ல.

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் நம் பிள்ளைகள் இன்று இத்தகைய வரிசைகளில் நிற்கிறார்கள். ஷிப்ட் முடிந்து வரும் மகளிடம் சம்பளத்தை மட்டுமா கேட்கிறோம்? கால் வலிக்கிறதா, தண்ணீர் குடிக்க நேரம் கிடைத்ததா என்றும் கேட்போம். மேற்பார்வையாளராக இருப்போர், எண்ணிக்கையைப் பார்க்கும் கண்ணால் முகத்தையும் பார்ப்போம். வேகத்தைக் குறைக்கும் விசை நம் கையில் இருந்தால், அதைத் தொடத் தயங்காதிருப்போம்.

பெல்ட்டுக்குக் களைப்பு தெரியாது, நமக்குத் தெரியும். பிறருடைய களைப்பை அறியும் இதயத்தை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.